சுத்த விலை

ஆயர் தாவார்
8 பிப்ரவரி 1981

அன்பும் மதிப்பும் மிக்க அண்ணன் அவர்களுக்குத் தங்கை செல்லாயி எழுதுவது. ஆண்டவர் தங்களுக்கு நல்ல உடல்நலம் அருள்வாராக.

என் கணவர் ஆம்புரோஸ் மறைந்து ஓராண்டு நிறைகிறது. எஸ்டேட் மருத்துவமனையில் மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்தவருக்குக் கொடுத்த குவாட்டர்ஸ் அல்லவா இது? ஜூன் மாத முடிவுக்குள் காலி செய்து தரும்படி மானேஜர் கடிதம் கொடுத்துவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. புதிதாக வந்த டிரெஸ்ஸர் பிள்ளைகுட்டிக்காரர்.

கிறிஸ்துமஸுக்குத் தாங்கள் வந்திருந்தபோது நாம் பேசிக்கொண்டபடியே, நாம் இருவரும் சேர்ந்து இருக்கப் பட்டணத்தில் அந்த இரண்டு அறை வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். ஆம்புரோஸின் சேமநிதிப் பணம் அதோடு தீர்ந்தது. மீதி இருபத்தையாயிரத்து ஐந்நூறு வெள்ளி தங்கள் பங்கு. பத்திரச் செலவெல்லாம் அதற்குள் அடக்கம். ஜூன் முப்பதுக்குள் கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும், வீடும் போய்விடும். அதன்பின் நான் சிங்கப்பூரில் மகன் லியோனார்டின் ஒற்றை அறைப் பிளாட்டில் ஒரு மூலை தேட வேண்டியதுதான். தாங்களோ அண்ணியில்லாத அந்தப் புந்தோங் வீட்டில் தனியே சோறு வடித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே தங்கள் வீட்டை வாங்க ஆள் பார்க்கத் தொடங்குங்கள். ஒரே ஒரு விண்ணப்பம். யாராவது விலை சொன்னால், உடனே பதிகம் பாடிவிடாதீர்கள். எவ்வளவு கைக்கு வரும் என்று கேளுங்கள்.

அன்புள்ள,
செல்லாயி


புந்தோங், ஈப்போ
22 பிப்ரவரி 1981

திருவருள் துணைநிற்க, நலம் பல பெருகி வாழ வேண்டிய தங்கை செல்லாயிக்கு,

உன் மடல் கண்டேன். பதிகம் பாடிவிடாதே என்று எழுதியிருந்தாய். பாடிவிட்டேன். பாடத் தக்க செய்திதான் வந்திருக்கிறது.

சீனியை உனக்கு நினைவிருக்கும். உன் அண்ணி மங்களத்தின் ஒன்றுவிட்ட தம்பி. இப்போது வீடு, மனைத் தரகு பார்க்கிறான். ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவரை அழைத்து வந்தான். அவர் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பூசை அறைக்கு எதிரில் நின்று கைகூப்பினார். வீட்டைச் சுற்றிப் பார்த்து இருபத்தெட்டாயிரம் வெள்ளி என்றார். சீனி என் காதோடு, "அண்ணே, யோசிக்காதீங்க. இந்த வரிசையில யாருக்கும் இந்த வெல வராது லா," என்றான். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து இன்னும் ஆகவில்லை. உன் வீட்டுக்குக் கட்டியது போக இரண்டாயிரத்து ஐந்நூறு மீதப்படும். அதில் ஒரு பகுதியைக் கோயில் மடப்பள்ளிக்குக் கொடுக்க எண்ணுகிறேன்.

மற்றொரு செய்தி, இது மனத்தைக் கசக்கச் செய்தது. அடுத்த வீட்டு ஆ லோக், சைக்கிள் கடைக்காரர், சீனப் புத்தாண்டுக்கு வழக்கம்போல ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். அவர் மகனுக்குக் கலியாணமாம். "உங்கள் வீட்டை நானே எடுத்துக்கொள்கிறேன், இருபத்தாறாயிரம்," என்றார். இரண்டாயிரம் குறைத்துக் கேட்டதைப் பொறுத்திருப்பேன். ஆனால் அதோடு ஒரு நிபந்தனையும் சொன்னார், செல்லாயி. வீடு சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

நாள்தோறும் சாணம் தெளித்து, கோலமிட்டு, விளக்கேற்றி, பதிகம் முழங்கிய வீடு இது. மங்களம் நோயில் படுத்திருந்தபோதும் இந்த வாசல் கழுவாமல் விடியவில்லை. அவர் வீட்டுப் பின்கட்டில் எண்ணெய்ப் பிசுக்குச் சங்கிலிகள் மலைபோலக் கிடக்கின்றன. அவர் வந்து எனக்குச் சுத்தம் சொல்கிறார். இது தெய்வம் குடியிருக்கும் வீடு என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிக் கதவைச் சாத்தினேன். பழங்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது முறையாகாது.

நலம் நாடும் அண்ணன்,
சன்னாசி


ஆயர் தாவார்
8 மார்ச் 1981

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

எங்களுக்குத் தவக்காலம் தொடங்கிவிட்டது. கோபத்தை அடக்கிப் பேச வேண்டிய நாட்கள் இவை. ஆகையால் மெதுவாகவே கேட்கிறேன்.

இருபத்தெட்டாயிரம் என்பது வீட்டின் விலை. நம் கைக்கு வருவது எவ்வளவு? சீனிக்குத் தரகு யார் தருவது? அவன் அண்ணியின் தம்பி என்பதால் காற்றைக் குடித்து வாழ்வானா? வக்கீலுக்கு யார்? அண்ணி இருந்தபோது பின்பக்கம் சமையலுக்குப் பலகையால் ஒரு குசினி இறக்கிக் கட்டினீர்களே, அதற்கு நகராண்மையில் அனுமதி வாங்கினோமா? எனக்கு நினைவில்லை. நிலத்துக்கான தரை வரி, வீட்டுக்கான கதவு வரி எல்லாம் பாக்கியில்லாமல் இருக்கின்றனவா? வாங்குகிறவர் அந்த ஒழுகும் தகரக் கூரையை அப்படியே ஏற்றுக்கொள்கிறாரா? சாமான்களை லாரியில் ஏற்றி இவ்வளவு தூரம் கொண்டுவர யார் பணம் கொடுப்பது?

தைப்பிங்கில் ஆம்புரோஸின் அக்கா வீட்டை விற்றபோது, விலையைச் சொல்லி ஊரெல்லாம் கேக் கொடுத்தார்கள். கடைசியில் கைக்கு வந்ததைச் சொல்ல யாரையும் கூப்பிடவில்லை. மடப்பள்ளிக்குத் தாங்கள் கொடுக்கப் போவதைக் கோயிலில் இன்னும் சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

ஆ லோக் விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. அண்ணிக்கு மூச்சுத் திணறிய அன்று, தம் கடை வேனில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றவர் அவர். அப்படிப்பட்டவர் உங்கள் வாசலில் நின்று உங்களை இழிவாகப் பேசுவாரா? அவர் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே எழுதுங்கள், தமிழாக்காமல்.

செல்லாயி


புந்தோங்
29 மார்ச் 1981

தங்கை செல்லாயிக்கு,

நீ கேட்ட கேள்விகளை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு படியேறி இறங்கினேன். இப்போது எழுதுவது மகிழ்ச்சியான மடலன்று.

முதலில் சீனி. தேநீர் கொடுத்து உட்கார வைத்து, "தரகு யார் கொடுப்பது?" என்றேன்.

"விக்கிறவங்கதான் அண்ணே. நூத்துக்கு மூணு."

"இதை அன்றே சொல்லியிருக்கலாமே, சீனி."

"நீங்க எங்க கேட்டீங்க? வெலைய சொன்னதும் கண்ண மூடிப் பாட ஆரம்பிச்சிட்டீங்க. பாட்டு நடுவுல தரகு பேசினா பாவம்னு நான் பேசாம இருந்தேன்."

அவனைக் குறை சொல்ல முடியவில்லை. தரகு எண்ணூற்று நாற்பது. மேற்பார்வையாளர் கூரையை மாற்றித் தந்தால்தான் கையெழுத்திடுவாராம், அது எழுநூறு. வக்கீல் அலுவலகத்தில் ஓர் இளைஞர் கனிவோடு பேசினார். "ஐயா, நகராண்மை பிளான்ல இருக்கிற ஒங்க வீடு வேற, தரையில நிக்கிற வீடு வேற. ஒரு குசினி கூடுதலா இருக்கு," என்றார். அதை இடிக்கவும், அபராதம் கட்டவும், பின்சுவரை மீண்டும் எழுப்பவும் ஆயிரத்து நானூறு ஆகும். அவர்கள் கட்டணம் ஐந்நூறு. விற்ற லாபத்துக்கு வரி என்று ஒன்று இருக்கிறதாம். நெடுங்காலம் குடியிருந்தவருக்கு அதில் பெரிய கவலையில்லை, படிவம் மட்டும் நிரப்பினால் போதும் என்றார்.

அடுத்தது வரி. கதவு வரியை நான் தவறாமல் கட்டி வருகிறேன். தரை வரி என்று தனியே ஒன்று உண்டென்பதே எனக்குத் தெரியாது. மங்களம்தான் சந்தைக்குப் போகும் வழியில் அதைக் கட்டிவந்திருக்கிறாள். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் போன பின் கட்ட ஆளில்லை. அபராதத்தோடு முந்நூற்று எண்பது. லாரிக்கு நூற்று இருபது.

எல்லாம் கழித்தால் கைக்கு வருவது இருபத்து நான்காயிரத்து அறுபது. ஆயிரத்து நானூற்று நாற்பது வெள்ளி குறைகிறது. பொருளின் நிலையாமையைத் தொண்டை நோகப் பாடி வந்தவன் நான். அந்த எண்ணைப் பார்த்தபின் எனக்கு உணவு இறங்கவில்லை. மனத்தைத் திருப்ப ஒரு வெண்பா இயற்றத் தொடங்கினேன். தரகும் அபராதமும் வந்து எதுகையில் உட்கார்ந்துகொண்டன. விட்டுவிட்டேன்.

என் ஓய்வூதியத்தில் அத்தனை தொகை சேர்க்க முடியாது. கோயில் சங்கத்தில் கடன் கேட்டுப் பார்த்தேன். இந்த ஆண்டு குடமுழுக்கு, கையிருப்பில்லை என்றார்கள். நீ உன் மகனிடம் போவதே நன்றோ என்று தோன்றுகிறது. உன் முன்பணத்துக்கு என்ன பதில் சொல்வேன் என்பதுதான் தெரியவில்லை.

ஆ லோக் சொன்னதைக் கேட்டிருந்தாய். எழுதவே மனம் வரவில்லை, ஆயினும் எழுதுகிறேன். "இனி ரூமா, டுவா புலோ அனாம் ரீபு. பெர்சே," என்று வீட்டையும் இருபத்தாறாயிரத்தையும் சேர்த்துச் சொன்னார். பெர்சே என்றால் சுத்தம் என்பது சந்தையில் கீரை விற்பவளுக்கும் தெரியும்.

சன்னாசி


ஆயர் தாவார்
2 ஏப்ரல் 1981

அண்ணா,

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஆ லோக் கடைக்குப் போங்கள்.

நான் மிட்வைஃபாக வேலை பார்த்த காலமெல்லாம் என் சம்பளச் சீட்டின் அடியில் ஒரு வரி இருக்கும்: காஜி பெர்சே. சுத்தமான சம்பளம் என்று அதற்கு அர்த்தமில்லை. பிடித்தமெல்லாம் போக, கைக்கு வரும் சம்பளம். அந்த வரியைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்போம். மேலே இருக்கும் பெரிய எண்ணை யாரும் பார்ப்பதில்லை. அது நமக்கில்லை என்று தெரியும்.

ஆ லோக் உங்கள் வாசலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. இருபத்தாறாயிரமும் குறையாமல் உங்கள் கைக்குத் தருகிறேன், செலவெல்லாம் என் தலையில் என்றிருக்கிறார். அந்தத் தெருவிலேயே அதைவிட நல்ல விலை யாரும் சொல்லப் போவதில்லை. சொன்னவர் முகத்தில் நீங்கள் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள்.

படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகு, அவர் இதற்குள் வேறு வீடு பார்த்திருப்பாரோ என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உங்களுக்காகவும் அவருக்காகவும் சேர்த்து ஜெபம் செய்கிறேன்.

செல்லாயி


புந்தோங்
20 ஏப்ரல் 1981

அன்புத் தங்கை செல்லாயிக்கு,

போனேன்.

உன் கடிதம் வந்த அன்றே போனேன். கடை வரையில் சென்று, வாசலில் நின்று, திரும்பி வந்துவிட்டேன். மறுநாள்தான் உள்ளே நுழைந்தேன். ஆ லோக் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரக் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "அண்ணே இன்னும் கோபமா?" என்றார். நாங்கள் பேசியது மலாயில். உனக்காகத் தமிழில் தருகிறேன்.

"நீர் பெர்சே என்று சொன்னது என்ன பொருளில்?"

"பெர்சேன்னா பெர்சே லா. உங்க கைக்கு முழுசா. வக்கீல் நான், குசினி நான், கூரை நான். மகனுக்காக எல்லாத்தையும் ஒடச்சுக் கட்டப் போறேன். நீங்க எதுக்கு மாத்தணும்?"

"நான் வீட்டைச் சுத்தம் செய்யச் சொல்கிறீர் என்று நினைத்தேன்."

அவர் முறுக்குவதை நிறுத்தினார். உள்ளே திரும்பி மனைவியிடம் தங்கள் கந்தோனீஸ் மொழியில் ஏதோ சொன்னார். உள்ளிருந்து அந்த அம்மாளின் சிரிப்பு நெடுநேரம் கேட்டது. "உங்க வீட்டைப் பார்த்துத்தான் தினமும் என்னைத் திட்டுறா, அண்ணே. அதுல போய் நான் குத்தம் சொல்வேனா?" என்றார்.

வீடு இன்னும் வேண்டுமா என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி, "வேணும். ஆனா அந்தத் துஹான் எங்க போவாரு?" என்றார்.

முதலில் விளங்கவில்லை. அன்று கதவைச் சாத்தும்போது 'இனி துஹான் பூஞா ரூமா' என்று நான் சொன்னேனல்லவா? கடவுளுடைய வீடு என்றதும் அவர் மனைவி அஞ்சிவிட்டாராம். வீட்டுக்காரக் கடவுளை விட்டுவிட்டு நான் போனால், புது மருமகள் எப்படி அங்கே விளக்கு வைப்பாள்? கடவுள் கோபித்துக்கொண்டு வெளியேறினாலும் ஆகாதாம். அதனாலேயே இத்தனை நாள் மறுபடி வந்து கேட்கவில்லை.

இறைவன் எங்கும் நிறைந்தவன், ஒரு கூரைக்குள் அடங்குபவன் அல்லன் என்று விளக்க வாயெடுத்தேன். அந்த அம்மாள் கதவோரம் வந்து கைகளைத் துடைத்தபடி நின்றார். அவர் முகத்தில் இருந்த அச்சத்தைப் பார்த்ததும் விளக்கத்தை விழுங்கிவிட்டேன். "முறைப்படி அழைத்துச் செல்கிறேன். மனக்குறையின்றி வருவார்," என்றேன்.

"தேங்காய், பூ, பூசாரிக்குக் கொடுக்கிறது எல்லாம் நான் தர்றேன்," என்றார் ஆ லோக். "அதுவும் பெர்சேயிலதான்."

ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. தரை வரிப் பாக்கி என் வீட்டில் நான் குடியிருந்ததற்கான வரி. அதை அவர் தலையில் வைப்பது எனக்கு ஒவ்வாது. நானே கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்தாகிவிட்டது.

சீனியிடம் சொன்னபோது சற்று நேரம் தலையைச் சொறிந்தான். "என்னண்ணே, பக்கத்து வீட்டுக்கே விக்கிறதுக்கு நான் ஜெலாப்பாங் வரைக்கும் பஸ் ஏறினேன்," என்றான். மேற்பார்வையாளரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லி, மங்களத்தின் படத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அண்ணன்,
சன்னாசி


புந்தோங்
14 ஜூன் 1981

தங்கை செல்லாயிக்கு,

ஆ லோக் பணத்தை முழுமையாகக் கட்டிவிட்டார். வரிப் பாக்கியைத் தீர்த்து, லாரிக்காரருக்கும் கொடுத்தபின் எஞ்சியது சரியாக இருபத்தையாயிரத்து ஐந்நூறு. வங்கி டிராப்டைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இம்மடலுக்கு முன்பே உன் கைக்கு வந்திருக்கும். ஒரு வெள்ளி கூடவுமில்லை, குறையவுமில்லை. இறைவன் கணக்கில் வல்லவன் என்று மகிழ்ந்தேன்.

மகிழ்ந்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. இதை எப்படி எழுதுவது என்று சில நாளாகத் தயங்கினேன்.

நீ அறிவாய், நான் புலால் புழங்கிய பாத்திரத்தில் உண்பதில்லை. நீ திருமணமாகிச் சென்றபின் உன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் இளநீர் மட்டுமே குடித்துத் திரும்பினேன். நீயும் ஒருமுறைகூட வற்புறுத்தியதில்லை. வாசலிலேயே அரிவாளோடு இளநீரை எடுத்து வைத்திருப்பாய். விருந்தினனாக இருந்தவரை அது செல்லுபடியாயிற்று. இனி ஒரே வீட்டில் நாள்தோறும் இளநீர் குடித்து வாழ முடியாதல்லவா?

ஆகவே தனியாக ஓர் அடுப்பும் சில பாத்திரங்களும் வாங்க எண்ணியிருந்தேன். கணக்கில் அதைச் சேர்க்க மறந்துவிட்டேன். இங்குள்ள அடுப்பு குசினிச் சுவரோடு சேர்த்துக் கட்டியது; எடுத்து வர முடியாது. பழைய பாத்திரங்களோ அடி தேய்ந்து ஓட்டையானவை. அடுத்த ஓய்வூதியம் வரும்வரையில் பழமும் பாலும் எனக்குப் போதும். நீ மனம் வருந்தக்கூடாது. இது உன் கையைப் பற்றியதன்று, என் நோன்பைப் பற்றியது.

பூசாரி நாள் குறித்துவிட்டார். ஜூன் 26, வெள்ளிக்கிழமை. காலையில் ஆ லோக் குடும்பத்தார் முன்னிலையில் பூசை முடித்து, சுவாமியோடு லாரியில் புறப்படுகிறேன். நண்பகலுக்குள் வந்துவிடுவேன்.

சன்னாசி


ஆயர் தாவார்
18 ஜூன் 1981

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

டிராப்ட் கிடைத்தது. மறுநாளே கட்டிவிட்டேன். சாவி என் கையில் இருக்கிறது. யார் பெயரில் எழுதுவது என்று வக்கீல் கேட்டார். இரண்டு பெயர் என்றேன். சன்னாசி, செல்லாயி என்று அவர் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் கிழக்குச் சுவர் தங்கள் சுவாமிக்கு. எதிர்ச் சுவரில் என் மாதா படம் இருக்கும். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

அடுப்பு விஷயத்தில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய்யாகும். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, சிறிது நேரம் வெளியே நின்றேன். பிறகு பூசாரி குறித்த நாளைப் பார்த்தேன். தங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் கோயிலில் இளையவர்கள் இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை விரதத்தைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் பழைய பங்குச் சாமியார் சொல்லிக்கொடுத்தபடி, வெள்ளிக்கிழமை நான் இன்றும் இறைச்சி தொடுவதில்லை. தாங்கள் வருகிற வெள்ளியன்று மீனையும் விட்டுவிடுகிறேன்.

புது வீட்டுக்கு என் பழைய பாத்திரம் எதையும் எடுத்துச் செல்லவில்லை. நேற்று ஒரு பானையும் ஒரு சட்டியும் புதிதாக வாங்கினேன். அவை இரண்டிலும் சைவம் மட்டுமே வேகும். என் மீனுக்குத் தனிச் சட்டி வேண்டுமென்றால் அதை நான் கொல்லைப்புறம் வைத்துக்கொள்கிறேன், கொல்லை பெரிது.

வெள்ளிக்கிழமை சோறும், பருப்பும், பூசணிக்காய்க் கூட்டும் வைக்கிறேன். இரண்டு இலை போடுகிறேன். இளநீர் வாங்கவில்லை.

தங்கள் அன்புள்ள,
செல்லாயி